ஒவ்வொரு கிளிப்பாக

என் மகன் முதன்முதலாகச் செய்த வீட்டு வேலை, நான் கூட்டிக் குவித்து வைத்திருந்த குப்பையை மறுபடியும் கூடம் முழுக்க இறைத்துவிட்டதுதான். அப்போது அவனுக்கு ஒரு வயது பத்து மாதம். நான் முறம் எடுக்க அடுப்படிப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் விளக்குமாற்றை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அது அவனைவிட உயரம். இவன் இந்தப் பக்கம் தள்ள, அதன் தலை அந்தப் பக்கம் போய்ச் சுவரில் இடித்தது. நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே நீட்டியிருந்தது. கண் குப்பையை விட்டு நகரவே இல்லை.

"ஐயோ, வைடா கீழ!" என்று பிடுங்கிவிட்டேன்.

அவன் அழுத அழுகை எனக்குப் புதிது. பொம்மையைப் பிடுங்கினால் கத்துவான், காலை உதைப்பான், இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவான். அன்று வாயைப் பிதுக்கிக்கொண்டு, அதிகம் சத்தம் போடாமல், என்னையே பார்த்து அழுதான். அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார். நான் குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டுக் குளித்து, கிலாங் பஸ்ஸை, அதாவது ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ராத்திரி முழுக்க லைனில் நிற்கும்போது அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியின் 11-வது மாடியில் இருக்கிறது. எனக்குப் பாயான் லெப்பாசில் 12 மணி நேர ஷிஃப்ட். கணவருக்குப் பாலம் தாண்டி பிறையில் வேலை. நாங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மா. எந்த நேரம் பார்த்தாலும் எங்கள் வீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் அவசரத்தில் இருப்பார். அதனால் வீட்டு வேலை எல்லாவற்றையும் பிள்ளை தூங்கும் நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவன் கண் மூடியதும் துணி, பாத்திரம், தரை என்று ஓட வேண்டியது. அவன் எழுந்ததும் பொம்மைக் கூடையைக் கொட்டி, "விளையாடு ராசா" என்று உட்கார வைக்க வேண்டியது. பிள்ளைக்குச் செய்கிற நல்லது அதுதான் என்று நம்பியிருந்தேன்.

அந்த அழுகைக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹாரியட் ரைன்கோல்ட் என்ற உளவியலாளர் 1982-இல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். ஆய்வுக்கூடத்தை ஒரு வீடு மாதிரி அமைத்து, துணி மடிப்பது, மேசையில் தட்டு வைப்பது, தரையில் கிடக்கும் காகிதத் துண்டுகளைக் கூட்டுவது என்று சில்லறை வேலைகளைப் பெரியவர்களைச் செய்யச் சொன்னார். பக்கத்தில் 18, 24, 30 மாதக் குழந்தைகள். யாரும் கூப்பிடவில்லை. பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகவே எழுந்து வந்து வேலையில் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆய்வில் பெற்றோர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன். குழந்தைகள் குறுக்கே வருகிறார்கள் என்பதால், வீட்டில் இந்த வேலைகளை அவர்கள் தூங்கும்போது முடித்துக்கொள்வோம் என்றார்களாம். நான் பிறப்பதற்கு முன்னால் எங்கோ ஓர் ஊரில் இருந்த தாய்மார்கள், நான் செய்வதையே செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று 2006-இல் வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்துப் பார்த்தார்கள். குழந்தைக்குப் பழக்கமில்லாத ஒருவர் துணி காயப் போடுகிறார். கையிலிருந்து கிளிப்பு நழுவிக் கீழே விழுகிறது. எட்டவில்லை, கையை நீட்டித் தவிக்கிறார். குழந்தை தத்தித் தத்தி வந்து எடுத்துக் கொடுக்கிறது. இப்படிச் சில சோதனைகள். 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது உதவி செய்தார்கள். அதே ஆள் வேண்டுமென்றே கிளிப்பை வீசி எறிந்தபோது குழந்தைகள் அவ்வளவாக எடுக்கப் போகவில்லை. அதாவது, யாருக்கு உண்மையிலேயே உதவி வேண்டும் என்பது அந்த வயதிலேயே தெரிகிறது. பேச்சு இன்னும் சரியாக வந்திருக்காது, ஆனால் அம்மாவுக்குக் கை எட்டவில்லை என்பது புரிந்துவிடுகிறது.

சரி, நம் வீட்டிலும் கிளிப்பிலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

துணி காயப் போடும் இடம் எங்களுக்குப் பின்பக்கம் இருக்கிறது. கம்பித் தடுப்பு போட்டிருந்தாலும் அவனை அங்கே விடுவதில்லை. மாடி வீட்டில் இருக்கிறவர்கள் இதில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது. நாற்காலி, முக்காலி, கவிழ்த்து வைத்த வாளி என்று ஏறி நிற்கத் தோதான எதுவும் ஜன்னல் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கவே கூடாது. அதனால் அவனுக்காக ஒரு மடக்கு ஸ்டாண்டைக் கூடத்திலேயே விரித்து வைத்தேன். கிளிப்புகளை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

முதல் நாள் டப்பாவைக் கவிழ்த்தான். இரண்டாம் நாள் இரண்டு கையாலும் அள்ளி மொத்தமாக நீட்டினான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் அவனுடைய சின்னச் சட்டையை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சும்மா கையை நீட்டினேன். டப்பாவுக்குள் பார்த்தான். ஒன்றை எடுத்தான், பிடிக்கவில்லை போல, உள்ளே போட்டான். பச்சைக் கிளிப்பு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "ந்தா" என்றான். நான் அதைச் சட்டையில் மாட்டினேன். அவன் மாட்டப்பட்ட கிளிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி டப்பாவுக்குள் கைவிட்டான். "ந்தா." அடுத்தது. "ந்தா." ஒரு வாளித் துணி முடிகிற வரை எழுந்திருக்கவே இல்லை. பொம்மைக் கூடைக்கு முன்னால் அவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவனே மாட்ட வேண்டும் என்றான். "நானு, நானு" என்று கிளிப்பை விட மாட்டான். ஸ்பிரிங்கை அமுக்க அந்த விரலுக்குப் பலம் போதாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அமுக்குவான், வழுக்கும். இரண்டு கையையும் சேர்த்து அமுக்குவான், கிளிப்பு எகிறிப் போய் சோபாவுக்கு அடியில் விழும். படுத்துத் துழாவி எடுத்துக்கொண்டு வருவான். நான் வாங்கி மாட்டிவிட்டால் கோபம் வரும். இப்படிக் கிட்டத்தட்ட ஐந்து வாரம். ஒருநாள் அது வாயைத் திறந்தது. அந்தத் திறந்த கிளிப்பை என்ன செய்வது என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை. குனிந்து, தான் போட்டிருந்த சட்டையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு முழுக்க அந்தக் கிளிப்போடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

நான் தனியாகக் காயப் போட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, அவனோடு செய்தால் அரை மணி நேரம் ஆகும். அவசரமான நாளில் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் எல்லா வேலையையும் அவனோடு பங்கு போடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் எனக்கு அவசரமில்லாத ஒன்று. அந்த ஒன்றில் மட்டும் அவனை அதட்டி விரைவுபடுத்துவதில்லை, அவன் செய்ததை அவன் கண் முன்னாலேயே நான் திருத்திச் செய்வதும் இல்லை. கோணலாக மடித்த துண்டு கோணலாகவே அலமாரிக்குப் போகும்.

கணவர் ஆசை ஆசையாக ஒரு காரியம் செய்தார். கிளிப்பு எடுத்துக் கொடுத்து முடித்ததும் ஒரு பிஸ்கட். இரண்டு வாரம் நடந்தது. அதற்குள் பிள்ளை "ந்தா" சொல்வதை விட்டுவிட்டு இன்னொரு கையை நீட்ட ஆரம்பித்துவிட்டான். பிஸ்கட் தீர்ந்துபோன அன்று டப்பா பக்கமே வரவில்லை. இதையும் வார்னெக்கனும் டோமசெல்லோவும் 2008-இல் ஆய்ந்திருக்கிறார்கள். உதவிய 20 மாதக் குழந்தைகளில் பரிசு வாங்கிப் பழகியவர்கள், பரிசு நின்ற பிறகு, எதுவும் வாங்காத மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். பிஸ்கட்டை நிறுத்தினோம். அவன் பழையபடி டப்பா பக்கம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இப்போது நான் சொல்வதெல்லாம், "நீ எடுத்துக் கொடுத்ததால துணியெல்லாம் காயுது பாரு" என்பதுதான். சாயங்காலம் காய்ந்த சட்டையை அவன் கன்னத்தில் வைத்துக் காட்டுவேன்.

கடைகளில் குட்டித் துடைப்பம், குட்டி வாளி என்று மாண்டிசோரி பெயரைப் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் வாழ்ந்த பகுதியில்தான் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். குழந்தையின் கைக்கு அடங்குகிற அளவில் நிஜமான சாமானைக் கொடுங்கள் என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. அதற்குக் காசு வேண்டியதில்லை. கணவர் எங்கள் பழைய துடைப்பத்தின் பிடியை இவன் நெஞ்சு உயரத்துக்கு அறுத்து, நுனியைத் தேய்த்து, டேப் சுற்றிக் கொடுத்தார். இப்போது சுவரில் இடிப்பதில்லை.

அவனுக்கு மிகவும் பிடித்த வேலை சனிக்கிழமை வேலை. இந்த நாட்டில் வாரத்துக்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றிக் கொசுப் புழு இருக்கிறதா என்று பாருங்கள் என்று சுகாதார அமைச்சு எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க, டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால்தான் வாரம் ஒரு முறை என்கிறார்கள். நாங்கள் வாசல் நடைபாதையில் கறிவேப்பிலையும் துளசியும் தொட்டியில் வைத்திருக்கிறோம். டார்ச்சை நான் பிடிப்பேன். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை அவன் இழுத்து எடுத்துத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டுவான், பாதி அவன் காலில்தான் விழும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அவனுடையது. குந்தி உட்கார்ந்து ஒரே இடத்தையே தேய்ப்பான். நான் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருப்பேன். அவனுக்கு அது தெரியாது. தட்டு முழுக்கச் சுத்தமாகிவிடும்.

மேலே பூட்டி வைக்க வேண்டியதும் உண்டு. குளோராக்ஸ் ப்ளீச், தரை கழுவுகிற திரவம், கழிவறை மருந்து எல்லாம் அவன் கண்ணிலேயே படக் கூடாது. அடுப்பு, கத்தி, கொதிக்கிற எதுவும் அவன் வேலை அல்ல.

சலவை இயந்திரத்தில் துணி போடுவதையும் ஒருநாள் கற்றுக்கொண்டான். என் வேலை சட்டையைப் போட்டான், வேலை பேண்டைப் போட்டான். பிறகு நான் கவனிக்காத நேரத்தில், நாற்காலியில் தொங்கிய என் ஃபேக்டரி பாஸையும் கயிற்றோடு எடுத்துப் போட்டுவிட்டான். இயந்திரம் சுற்றி நின்ற பிறகு பார்த்தால், பாஸில் என் முகம் வெளுத்துப் போயிருந்தது. அன்று வாசலில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதெல்லாம் இதற்குள் போக வேண்டும் என்று அவன் புரிந்துவைத்திருக்கிறான், அவ்வளவுதான். இப்போது பாஸுக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறோம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கழுத்திலிருந்து கழற்றி அவனிடம் கொடுக்க, அவனைத் தூக்கிப் பிடிக்க, அவன் ஆணியில் மாட்டுவான். அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

இதில் எதுவுமே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இவன் என்ன கூலிக்காரனா? வேல செய்ய ஆயுசு பூரா கெடக்கு. ஒக்காந்து வெளையாடட்டும், விடும்மா" என்பார். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது துணியெல்லாம் மடித்து அலமாரியில் இருக்கும், துடைப்பம் பீரோவுக்கு மேலே இருக்கும். பேரன் கையில் சின்ன வாளியைப் பார்த்தால் அவருக்கு முகம் மாறிவிடும். பேரன்மேல் உள்ள செல்லம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மெர்டேக்கா வருஷத்தில், நாடு சுதந்திரம் அடைந்த 1957-இல் பிறந்தவர். கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஆறு ஏழு வயதிலேயே என் பாட்டியோடு, மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வெட்டுக்காட்டுக்குப் போயிருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுவார்களாம். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பாட்டி இருட்டில் மரம் மரமாக வெட்டிக்கொண்டு முன்னால் போக, அம்மா பின்னாலேயே ஓடி, முந்தின நாள் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை எடுத்து, வெட்டின கோட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து மாட்ட வேண்டும். 400, 500 மரங்கள். அதன் பிறகு பள்ளிக்கூடம். சோப்பு போட்டுக் கழுவினாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாதாம். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம்.

ஒருநாள் கால் தடுக்கி, பால் நிறைந்த வாளியைக் கவிழ்த்துவிட்டார். "அடிச்சாங்க. அடி வலிச்சது மறந்துபோச்சு. அடிச்சுட்டு எங்கம்மா அங்கனயே ஒக்காந்து அழுதாங்க. அன்னிக்குக் கூலி போச்சுன்னு" என்றார் அம்மா. இதை அவர் எனக்குச் சொன்னது போன மாதம்தான். எனக்கு 36 வயது. இத்தனை வருடத்தில் தோட்டத்துக் கதை எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இதை மட்டும் சொன்னதே இல்லை.

அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் படித்த ஆய்வுகளை அவர் முன்னால் எடுத்து வைக்க வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவன் கைய நம்பி நாம உலை வைக்கலம்மா. இவன் எப்ப வேணும்னாலும் எழுந்து ஓடலாம்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "என்னய யாரும் செய்றியான்னு கேட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு அந்த வார்த்தை தைத்தது. நான் கேட்கிறேனா? யோசித்தால், பல நாள் கேட்காமல்தான் டப்பாவை அவன் முன்னால் வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "அம்மாவுக்குக் கிளிப்பு எடுத்துத் தர்றியா?" தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போகிற நாளும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வந்திருந்தேன். அம்மா கூடத்தில் நாளிதழை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளை எங்கிருந்தோ வந்து அவர் காலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட முயன்று, முடியாமல், காலை நீட்டி அவரைப் போலவே உட்கார்ந்துகொண்டான். ஒரு கொத்தை எடுத்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்து, பிய்த்ததைத் திரும்ப நாளிதழில் தண்டுக் குவியலிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா ஒரு கொத்தைக் கையில் எடுத்தார். அவனைப் பார்த்து, "ஐயா, பாட்டிக்கு ஆய்ஞ்சு தர்றியா?" என்றார்.

"ம்."

காம்பின் நுனியைப் பிடித்து, இரண்டு விரலை வைத்து அடியிலிருந்து இழுத்துக் காட்டினார். இலையெல்லாம் சரசரவென்று கிண்ணத்தில் உதிர்ந்தது. அவன் வாயைத் திறந்து பார்த்தான். அவன் இழுத்ததில் காம்பே முறிந்தது. அம்மா அவன் விரலைப் பிடித்து, காம்பில் வைத்து, கூடவே இழுத்தார். நாலு இலை விழுந்தது. அவன் கையிலிருந்த வெறும் காம்பை உயர்த்தி எனக்குக் காட்டினான்.

கிண்ணம் முக்கால் நிறைந்ததும் அவன் எழுந்தான். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்தான். நாளிதழின் ஓரம் காலில் மாட்டிக்கொண்டது. கிண்ணம் கவிழ்ந்து, கீரை முழுவதும் தரையில் கொட்டியது.

அம்மா சட்டென்று என் முகத்தைத்தான் பார்த்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்க்கவில்லை.

"அள்ளிடலாம்மா" என்றேன். "எப்படியும் அலசத்தானே போறோம்."

பிள்ளை அதற்குள் குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட ஆரம்பித்திருந்தான். "ந்தா. ந்தா." அம்மா தரையில் கையை ஊன்றி மெதுவாக நகர்ந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஒரே வாரில் அள்ளிவிடக் கூடியவர்தான். அவனைப் போலவே ஒன்று ஒன்றாகப் பொறுக்கினார். நான் அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான்.